ஆயாவுக்கு என்ன வயசு? மாகறலில் இருந்து முதுமையின் ஒரு வரலாறு

எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடையை அங்கங்கே அப்படியே விட்டிருக்கிறோம்.

இன்னைக்கு எபிசோடு ஒரு ஆஸ்பத்திரி ஃபார்ம்ல இருந்து ஆரம்பிக்குது.

போன வருஷம் எங்க ஆயா, அதாவது அம்மாவோட அம்மா, வாசப்படியில கால் தடுக்கி விழுந்துட்டாங்க. அரை அடி உயரப் படிதான். ஆனா இடுப்பு எலும்பு உடைஞ்சிருச்சு. அட்மிஷன் ஃபார்ம்ல வயசுன்னு ஒரு கட்டம். ஆதார் கார்டுல 01-01-1950ன்னு இருந்தது. நம்ம ஊர்ல பாதி தாத்தா பாட்டிங்க ஜனவரி 1ல பிறந்தவங்கதான், உங்க வீட்டு ஆதாரையும் எடுத்துப் பாருங்க. பிறந்த தேதி தெரியாதவங்களுக்கு எழுதப்பட்ட தேதி அது.

சந்தேகத்துல ஆயாகிட்டயே கேட்டேன். "ஆயா, உனக்கு உண்மையில என்ன வயசு?"

"இன்னாத்த கண்டேன் கண்ணு. காந்திய சுட்டாங்களே, அதுக்கு மின்ன பொறந்தவன்னு எங்கம்மா சொல்லும்."

அப்படின்னா 77க்கு மேல. எக்ஸ்ரேவைப் பார்த்த டாக்டர் எலும்பு ரொம்ப மெலிஞ்சு போச்சுன்னு சொன்னார். ஏன் சார்னு கேட்டேன். "வயசாயிடுச்சு இல்ல தம்பி, அப்படித்தான்" அப்படின்னார்.

அவர் மேல தப்பு சொல்லல. வெளியில நாப்பது பேர் நிக்கிறாங்க. ஆனா அந்த பதில் என்னை விடவே இல்ல. ஏன்னா ஆயாவோட கூடப் பிறந்த தம்பி, நாங்க கண்டக்டர் தாத்தான்னு கூப்பிடுறவர், 73 வயசுல இன்னும் சைக்கிள் மிதிச்சு டீக்கடைக்குப் போறார். அதே அம்மா, அதே அப்பா, அதே வீடு. நாலஞ்சு வருஷ வித்தியாசம்தான். அப்போ வெறும் வயசு மட்டும்தான் காரணமா?

அந்தக் கேள்வியைத் தூக்கிக்கிட்டு வரலாற்றுக்குள்ள போனேன். கிடைச்சதைத்தான் இன்னைக்குச் சொல்லப் போறேன்.

குடவோலைக் கல்வெட்டில் நாம படிக்காத வரி

முதல்ல ஊரைச் சொல்லிடுறேன். மாகறல், காஞ்சிபுரத்துல இருந்து உத்திரமேரூர் போற வழியில, செய்யாற்றங்கரையில இருக்கிற ஊர். சம்பந்தர் பதிகம் பாடிய திருமாகறலீஸ்வரர் கோயில் இங்கதான் இருக்கு. சுத்தி நெல் வயல், ஏரி.

பக்கத்து உத்திரமேரூரை உங்களுக்கு ஸ்கூல் புக்குல இருந்தே தெரியும். முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு. கி.பி. 919லயும் 921லயும் சபை எடுத்த முடிவுகளைக் கல்லுல வெட்டி வெச்சிருக்காங்க. ஓலையில பேர் எழுதி, குடத்துல போட்டு, குலுக்கி எடுக்கிறதை நாம எல்லாரும் படிச்சிருக்கோம். யார் பேரை எழுதலாம்ங்கிற தகுதிப் பட்டியலைத்தான் வேகமாத் தாண்டிப் போயிடுவோம்.

வரி கட்டுற சொந்த நிலம் கால் வேலிக்கு மேல இருக்கணும். இன்றைய வேலிக் கணக்குல அது சுமார் ஒன்றரை ஏக்கர். சொந்த மனையில கட்டின வீடு இருக்கணும். வேதம் கற்றிருந்தால் நில அளவுல சலுகை உண்டு. அப்புறம் வயசு. 919ல 30 முதல் 60 வரை என்று இருந்ததை, 921ல 35 முதல் 70 வரை என்று மாத்தினாங்க.

நிலம், வீடு, படிப்பு, முதுமை நாலும் ஒரே பட்டியல்ல பக்கத்துப் பக்கத்துல வருது. அது பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட சதுர்வேதிமங்கலம். அங்கே நிலமும் மனையும் உள்ள ஒருத்தர் 70 வயசு வரைக்கும் வாரியத்துல உட்கார்ந்து வேலை பார்ப்பார்னு சபை எதிர்பார்த்திருக்கு. அதே ஊர் வயல்ல இறங்கி உழைச்சவங்களுக்கு என்ன வயசு, எத்தனை வயசு வரைக்கும் குனிஞ்சு நிமிர முடிஞ்சதுன்னு அந்தக் கல்லுல எதுவும் இல்ல. அவங்க இதுக்குள்ளயே வரல.

இந்த நாலு விஷயத்தையும் மனசுல வெச்சுக்கோங்க. ஆயிரம் வருஷம் தாண்டி திரும்ப வரும்.

ஒரு பவுண்டு தானியம்

சென்னையில கூவத்தையும் அடையாறையும் இணைக்கிற பக்கிங்காம் கால்வாய்ப் பகுதியைப் பறக்கும் ரயில்ல போகும்போது பார்த்திருப்பீங்க. 1877-78ல பஞ்ச நிவாரண வேலையாத் தோண்டினது அது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சாய்த்த தாது வருஷப் பஞ்சம். செத்தவங்க பல லட்சம்.

அப்போ ஒரு சண்டை நடந்தது. வைஸ்ராய் அனுப்பின சர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்றவங்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், கொஞ்சம் சில்லறைக் காசு போதும்னு கூலியைக் குறைச்சார். ஒரு பவுண்டுன்னா அரை கிலோவுக்கும் குறைவு. மாகாணத்தின் சுகாதார ஆணையரா இருந்த டாக்டர் கார்னிஷ் எதிர்த்தார். சும்மா படுத்திருக்கிற உடம்புக்கே அது பத்தாது, மண் வெட்டுற உடம்புக்கு எப்படிப் பத்தும், பருப்பு வேண்டாமான்னு அவர் வாதம். எதிர்ப்பு வலுத்த பிறகு கூலி உயர்த்தப்பட்டது.

இங்க கவனிக்க வேண்டியது இதுதான். ஒரு மனுஷன் நாளைக்கு சாகாம இருக்க எவ்வளவு சோறு வேணும்ங்கிறது ஒரு கணக்கு. அவன் உடம்பு ஐம்பது வருஷம் தாங்க எவ்வளவு சோறு வேணும்ங்கிறது வேற கணக்கு. அரசாங்கம் முதல் கணக்கை மட்டும்தான் போட்டது. ரெண்டாவது கணக்கைப் போட அப்போ யாருக்கும் தேவையே இருக்கல.

1891: செங்கல்பட்டு கலெக்டரின் குறிப்பு

பஞ்சம் முடிஞ்சு பதிமூணு வருஷம். அன்றைக்கு காஞ்சிபுரம், உத்திரமேரூர் எல்லாம் செங்கல்பட்டு மாவட்டம். அங்கே கலெக்டர் டிரமென்ஹீர். 1891 அக்டோபர்ல அவர் அரசுக்கு ஒரு நீண்ட குறிப்பு எழுதினார், செங்கல்பட்டுப் பறையர்கள் நிலைமை பற்றி.

அதுல இருக்கிறதைச் சுருக்கமாச் சொல்றேன். ஊர் நிலத்து மேல மிராசுதார்களுக்கு உரிமை. தரிசைக் கூட வெளியாள் கேட்டா அவங்க தடுக்க முடியும். உழைக்கிறவங்க குடிசை போட்டிருக்கிற மனையே அவங்களுக்குச் சொந்தமில்ல. எதிர்த்துப் பேசினா வீடும் போகும். கல்யாணத்துக்கு வாங்கின சின்னக் கடனுக்காகப் படியாளா ஆயுசு முழுக்க உழைச்சு, அந்தக் கடன் பிள்ளைக்கும் போகும். தரிசு நிலத்தை இவங்களுக்குக் கொடுங்க, குடியிருக்கிற மனையைச் சொந்தமாக்குங்க, பள்ளிக்கூடம் திறங்கன்னு அவர் பரிந்துரைச்சார்.

சொந்த நிலம், சொந்த மனை, படிப்பு. 921ல தகுதின்னு கேட்ட அதே மூணு.

1892ல அரசாணை வந்தது. அப்படித் தரப்பட்ட நிலங்களைத்தான் பஞ்சமி நிலம்னு சொல்றோம். மத்தவங்களுக்குக் கைமாத்தக் கூடாதுன்னு நிபந்தனை இருந்தது. இருந்தும் நிறைய நிலம் கைமாறிப் போச்சு. நூறு வருஷம் கழிச்சு, செங்கல்பட்டு பக்கத்துக் காரணையில பஞ்சமி நிலத்தை மீட்கப் போராட்டம் நடந்தது. 1994 அக்டோபர் 10ல போலீஸ் துப்பாக்கிச் சூட்டுல ஜான் தாமஸ், ஏழுமலை ரெண்டு பேர் செத்துப் போனாங்க.

கடன்? 2019 ஜூலையில காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்கள்ல மரம் வெட்டுற இடங்கள்ல இருந்து 42 கொத்தடிமைகளை மீட்டாங்க. அதுல ஒரு முதியவர் மீட்க வந்த அதிகாரி கால்ல விழுற போட்டோ நம்ம எல்லார் போன்லயும் வந்தது. ஆயிரம் ரூபாய்க் கணக்குல வாங்கின கடன்தான் காரணம். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976லயே வந்தாச்சு. அந்த போட்டோவைப் பார்த்து நாம பரிதாபப்பட்டோம். அந்த வயசு வரைக்கும் அந்த முதுகு என்ன சுமந்ததுன்னு எத்தனை பேர் யோசிச்சோம்?

மைசூர்ல ஒரு ஆஸ்பத்திரி எடுத்து வெச்ச பதிவேடுகள்

இது வரைக்கும் வரலாறு. ஆனா சின்ன வயசுப் பட்டினி எழுபது வயசு உடம்புல இருக்கும்னு எப்படித் தெரியும்? மாகறல்ல இதை அளந்தவங்க யாரும் எனக்குக் கிடைக்கல. நம்ம பக்கத்து மாநிலத்துல ஒரு பதில் கிடைச்சது.

மைசூர்ல ஹோல்ட்ஸ்வொர்த் மெமோரியல் ஆஸ்பத்திரின்னு ஒரு மிஷன் ஆஸ்பத்திரி. 1934ல இருந்து பிறந்த குழந்தைகளோட எடை, நீளம் எல்லாம் எழுதி வெச்சிருந்தாங்க. அந்தப் பதிவேடுகள் பத்திரமா இருந்தது. பிரிட்டன்ல டேவிட் பார்க்கர்ங்கிற மருத்துவ ஆய்வாளர், எடை குறைவாப் பிறந்தவங்களுக்குப் பிற்காலத்துல இதய நோய் அதிகமா வருதுன்னு சொல்லிட்டு இருந்தார். அதை இந்தியாவுல சோதிக்க கரோலின் ஃபால் குழு 1990கள்ல மைசூர் வந்தது. 1934க்கும் 1954க்கும் நடுவுல அங்க பிறந்த 517 பேரைத் தேடிப் பிடிச்சுப் பரிசோதிச்சாங்க. 1996ல லான்செட்ல முடிவு வந்தது. பிறக்கும்போது இரண்டரை கிலோ அல்லது அதுக்குக் கீழ இருந்தவங்கள்ல 11 சதவீதம் பேருக்கு இதய நோய். 3.1 கிலோவும் அதுக்கு மேலயும் இருந்தவங்கள்ல 3 சதவீதம்.

யோசிச்சுப் பாருங்க. குழந்தையோட எடைங்கிறது அம்மா என்ன சாப்பிட்டாங்க, எவ்வளவு வேலை செஞ்சாங்கங்கிறதோட பதிவு. அந்த அம்மா சின்னப் பொண்ணா இருந்தப்போ என்ன சாப்பிட்டாங்கங்கிறதும் அதுல இருக்கு. நாம எழுதின கோடுல அன்னைக்கு விட்ட ஒரு குறை பத்து ரிலீஸ் கழிச்சு வெடிக்கும் இல்லையா, அந்த மாதிரி. ஒரே வித்தியாசம், இங்க குறையை விட்டது ஒருத்தர், வலி படுறது இன்னொருத்தர்.

எலும்புக்கும் இதே கதைதான். எலும்போட அடர்த்தி சுமார் முப்பது வயசுக்குள்ள உச்சத்துக்கு வந்துடும். சின்ன வயசுலயும் டீன் ஏஜ்லயும் சேர்த்ததைத்தான் பிறகு செலவு பண்றோம். சேமிப்பே இல்லாம ஆரம்பிச்சா, அடுத்தடுத்துப் பிரசவம் வேற எடுத்துக்கிட்டா, அரை அடிப் படி போதும்.

ஒரே வீடு, ரெண்டு பேர்

இப்போ ஆயா கதைக்கு வர்றேன். ஆயா பிறந்தது மாகறல் காலனியில. ஊருக்கு வெளியில. சொந்த நிலம் கிடையாது. அவங்க பிறந்த காலத்துல இந்தியாவோட சராசரி ஆயுட்காலம் சுமார் 32 வருஷம். எல்லாரும் 32ல செத்தாங்கன்னு அர்த்தம் இல்ல, குழந்தையிலேயே அவ்வளவு பேர் போனாங்க. ஆயா கூடப் பிறந்தவங்கள்லயும் ரெண்டு பேர் தங்கல.

1956ல காமராஜர் அரசு மதிய உணவுத் திட்டத்தை மாநிலம் முழுக்க கொண்டு வந்தது. அதுக்கு முன்னாடியே, 1920ல சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில சாப்பாடு போட்டுப் பார்த்திருக்கு. ஆக ஆயாவுக்கு எட்டு, ஒன்பது வயசு இருக்கும்போது பள்ளிக்கூடத்துல சோறு வந்தாச்சு.

"நீ ஏன் ஆயா போகல?"

"தம்பிய யாரு தூக்கினு இருப்பா? அம்மா நடவுக்குப் போயிடும். அவன் பெரியவனாயி இஸ்கூலுக்குப் போனான், நான் அம்மா கூட நடவுக்குப் போனேன். அவன் துன்னுட்டு வந்து இன்னா கொழம்புன்னு சொல்லுவான், கேட்டுக்குவேன்."

சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. நான்தான் கொஞ்ச நேரம் பேசல.

திட்டம் இருந்தது, சோறும் இருந்தது. ஆனா அந்த வீட்டுக்கு அது ஒரு பிள்ளைக்குத்தான் எட்டிச்சு, அது ஆம்பளப் பிள்ளை. கண்டக்டர் தாத்தா பள்ளியில சாப்பிட்டார், படிச்சார், இட ஒதுக்கீட்டுல அரசு பஸ்ல வேலை கிடைச்சது. மாசச் சம்பளம், லீவு, இப்போ பென்ஷன். ஆயாவுக்குப் பதினாறு வயசுல கல்யாணம், அஞ்சு பிரசவம். நடவு, களை, அறுப்பு. ஆம்பளைக் கூலியை விடக் குறைஞ்ச கூலி. வீட்டுல எல்லாரும் சாப்பிட்ட பிறகு மிச்சம் இருக்கிற கூழ்.

அதோட விறகு அடுப்பு. சென்னை ஸ்ரீ ராமச்சந்திராவுல கல்பனா பாலகிருஷ்ணன் குழு பல வருஷமா கிராமத்துச் சமையலறைகள்ல இந்தப் புகையை அளந்துக்கிட்டு இருக்கு. பீடி, சிகரெட் தொடாத பொம்பளைங்களுக்கு நுரையீரல் அடைப்பு நோய் வர்றதுக்கு விறகுப் புகை முக்கியக் காரணம். கண்புரைக்கும் அதுக்கும் தொடர்பு இருக்கு. ஆயாவுக்கு ரெண்டும் இருக்கு.

சரி, நேர்மையா ஒண்ணு சொல்லிடணும். இது ரெண்டே ரெண்டு பேர் கதை. சாம்பிள் சைஸ் ரெண்டுன்னா உங்க மேனேஜர் சிரிப்பார். ஆண், பெண் எலும்புலயே வித்தியாசம் இருக்கு, மாதவிடாய் நின்ன பிறகு பெண்களுக்கு எலும்பு வேகமாக் கரையும். கண்டக்டர் வேலை ஒண்ணும் பஞ்சு மெத்தை இல்ல, அவருக்கும் மூட்டு வலி உண்டு. ஆனா ரெண்டு பேரைத் தாண்டிப் பார்த்தாலும் படம் மாறல. மைசூர்ல பார்த்தோம். இன்னும் பெரிய கணக்கு லண்டன்ல இருக்கு.

பட்டினியே இல்லாத இடத்தில்

1967ல லண்டன்ல வைட்ஹால்னு ஒரு ஆய்வு ஆரம்பிச்சது. சுமார் 18,000 அரசு ஊழியர்கள், எல்லாரும் ஆண்கள். யாரும் பட்டினி இல்ல, எல்லாருக்கும் நிரந்தர வேலை, எல்லாருக்கும் இலவச மருத்துவம். ஆனா கீழ்மட்ட ஊழியர்கள் இதய நோயால சாகிற விகிதம் மேல்மட்ட அதிகாரிகளை விட சுமார் மூணு மடங்கு. சிகரெட், பிரஷர், கொழுப்பு எல்லாத்தையும் கணக்குல எடுத்த பிறகும் வித்தியாசத்துல பெரும்பகுதி அப்படியே நின்னது. அதுவும் ஏழை, பணக்காரன்னு ரெண்டாப் பிரியல. படிக்கட்டு மாதிரி, ஒவ்வொரு படிக்கும் ஆரோக்கியம் கொஞ்சம் குறையுது.

இந்த ஆய்வோட முடிவுகளை அலசின மைக்கேல் மார்மட்தான் பிறகு உலக சுகாதார நிறுவனத்தோட ஆணையத்துக்குத் தலைமை தாங்கினார். 2008ல வந்த அந்த அறிக்கை, சமூக அநீதி மனுஷங்களைக் கொல்லுதுன்னு நேராவே சொன்னது. நம்ம நாட்டுலயும் 2017-18ல 45 வயசுக்கு மேற்பட்ட 72,000 பேரைச் சந்திச்சு லாசின்னு ஒரு ஆய்வு தொடங்கியிருக்கு. அவங்களோட நோயை மட்டும் கேட்கல. படிப்பு, வேலை, சின்ன வயசுல குடும்பம் எப்படி இருந்தது, ஆரோக்கியம் எப்படி இருந்ததுன்னும் கேட்கிறாங்க. ஆஸ்பத்திரி ஃபார்ம்ல இல்லாத கட்டங்கள் அதுல இருக்கு.

இருபது ரூபாயில் இருந்து

அப்போ எல்லாம் தலையெழுத்தா? இல்ல. இந்த வரலாற்றுலயே அதுக்கும் பதில் இருக்கு.

1962ல தமிழ்நாடு முதியோர் உதவித்தொகையை ஆரம்பிச்சது, மாசம் 20 ரூபாய். தேசிய அளவுல அப்படி ஒரு திட்டம் 1995லதான் வந்தது. 2023ல தமிழ்நாட்டுல அதை மாசம் 1,200 ரூபாயா உயர்த்தினாங்க. அதுல 60 முதல் 79 வயசு வரைக்குமானவங்களுக்கு மத்திய அரசோட பங்கு வெறும் 200. பல வருஷமா அது நகரவே இல்ல. 1,200 ரூபாய் நமக்கு ஒரு வீக்கெண்ட் பிரியாணி. ஆயாவுக்கு அது மாத்திரை, முட்டை, பேரப் பிள்ளைங்க கையில கொடுக்க ஒரு பத்து ரூபாய். 2021ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருது. இதெல்லாம் உண்மையான உதவி.

ஆனா இதெல்லாம் அறுபதுக்கு அப்புறம் வர்ற உதவி. உடைஞ்ச பிறகு கட்டுற கட்டு. எலும்பு உருவாகும்போது வந்த உதவி வேற. 1982 ஜூலையில எம்.ஜி.ஆர். அரசு சத்துணவைத் தொடங்கினப்போ எங்க அம்மாவுக்கு ஏழு வயசு. ஆயா அவங்களைப் பள்ளிக்கூடத்துல இருந்து நிறுத்தவே இல்ல. சின்னவனை நான் பாத்துக்கிறேன், நீ போன்னு அனுப்பினாங்க. தான் தூக்கினதை மகள் தூக்கக் கூடாதுன்னு ஒரு முடிவு. அம்மா படிச்சாங்க, சென்னை வந்தாங்க. நான் பிறக்கும்போது மூணு கிலோ, ஆஸ்பத்திரிச் சீட்டு இன்னும் வீட்டுல இருக்கு. என்னோட எலும்புல ஆயாவோட முடிவு ஒண்ணு இருக்கு. மூணு தலைமுறையில ஒரு குடும்பம் மாறினதுக்கு ஒரு தட்டு சோறும் ஒரு அம்மாவோட பிடிவாதமும் சேர்ந்தாத்தான் முடிஞ்சது. ஒண்ணு மட்டும் இருந்திருந்தா பத்தியிருக்காது.

இப்போ நம்ம பக்கம் திரும்பிப் பாருங்க. ஓஎம்ஆர்ல மதியம் ரெண்டு மணி வெயில்ல உங்க சாப்பாட்டைக் கொண்டு வர்ற டெலிவரி தம்பிக்கு இப்போ இருபத்திரெண்டு வயசு இருக்கும். 2070ல அவர் முதுகு, அவர் கிட்னி எப்படி இருக்கும்ங்கிறது இன்னைக்கு எழுதப்பட்டுக்கிட்டு இருக்கு. அப்போ ஒரு டாக்டர் அவர்கிட்டயும் "வயசாயிடுச்சு இல்ல, அப்படித்தான்"னு சொல்லுவார்.

ஆயாவுக்கு ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது. வாக்கர் வெச்சு வீட்டுக்குள்ள நடக்கிறாங்க. அடுத்த செக்கப்புக்குப் போகும்போது ஒரு பேப்பர்ல எழுதி எடுத்துட்டுப் போனேன். எட்டு வயசுல இருந்து வயல் வேலை, அஞ்சு பிரசவம், நாப்பது வருஷம் விறகு அடுப்பு. டாக்டர் நிதானமாப் படிச்சார். நுரையீரல் டெஸ்ட் ஒண்ணும் கண் டெஸ்ட் ஒண்ணும் எழுதிக் கொடுத்தார். ரெண்டும் இதுக்கு முன்னாடி யாரும் எழுதாதது. கண்புரையும் நுரையீரல் அடைப்பும் அப்படித்தான் தெரிய வந்தது.

அதனால இந்த வாரம் உங்களுக்கு ஒரு வேலை. உங்க வீட்டு ஆயாவோ பாட்டியோ தாத்தாவோ, அவங்ககிட்ட உட்கார்ந்து, எந்த வயசுல வேலைக்குப் போனீங்க, என்ன சாப்பிட்டீங்க, எந்த அடுப்புல சமைச்சீங்கன்னு கேட்டு ஒரு பக்கம் எழுதுங்க. அடுத்த தடவை டாக்டர்கிட்ட போகும்போது அதையும் கையில எடுத்துட்டுப் போங்க. கேட்டதுல உங்களை உலுக்கின விஷயம் எதுவா இருந்தாலும் எனக்கு எழுதுங்க, அவங்க சம்மதிச்சா அடுத்த எபிசோடுல பேசலாம்.

உடம்பைப் பார்த்துக்கோங்க. சந்திப்போம்.